ஊர்ப் பெயர் எழுதாத பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தபோது திண்ணையில் பனையேறும் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

"டீச்சர், பூச்சி பாடமெல்லாம் நடத்துறீங்கல்ல. இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

உள்ளே என் உள்ளங்கையளவு எட்டுக்கால் பூச்சி ஒன்று. கை தானாகப் பின்னால் போனது. அவருக்குச் சிரிப்பு. "உசுரு இல்ல டீச்சர். சட்டை."

கணுக்காலிகள் வளரும்போது மேலோட்டைக் கழற்றிப் போடும் என்று இருபது வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். கரப்பான் சட்டை கூடப் பார்த்திருக்கிறேன். இத்தனை பெரியதை, காலின் ஒவ்வொரு மயிரும் அப்படியே இருக்க, கையில் வாங்கியது இன்றுதான். முதுகுப் பக்கம் ஒன்றும் பிரமாதமில்லை, மரப்பட்டை நிறம். புரட்டிப் பார்த்தேன். முன்கால்களின் அடியில் மங்கிய மஞ்சள், அதன் குறுக்கே கறுப்புப் பட்டைகள். மஞ்சள் இவ்வளவு மங்கியிருக்கிறதே, உயிரோடு இருக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபடியே சோறு வடித்தேன்.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஒரு புளியந்தோப்பின் பெயரைச் சொன்னார். பொந்து விழுந்த கிழட்டுப் புளி, பொந்தின் வாசலிலேயே கிடந்ததாம்.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்று நாளாகப் படிப்புதான். வினாத்தாள் திருத்துவது அப்படியே கிடக்கிறது.

அந்தச் சட்டைக்குப் பொருந்துவது போசிலோதீரியா என்ற சிலந்திப் பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. எல்லாமே மரப்பொந்தில் குடியிருப்பவை. பகலில் உள்ளே, இரவில் வாசலில். பெண் பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் வாழக்கூடும். ஆணுக்கு மூன்று நான்கு வருடம்தான் ஆயுள். கடித்தால் ஆள் சாவதில்லை. ஆனால் வலியும் தசைப்பிடிப்பும் நாள்கணக்கில் படுத்தி எடுக்கும். வயிற்று மயிரை உதிர்த்து அரிப்பெடுக்க வைக்கும் என்று தொலைக்காட்சியில் காட்டுவது அமெரிக்கச் சாதிகள் செய்யும் வேலை. நம்முடையவற்றுக்கு அந்த வித்தை கிடையாது.

இனி எழுதப் போவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பேரினத்தில் ஒன்றின் பெயர் ஹனுமவிலாசுமிகா. ராமேஸ்வரத்தில் ஹனுமவிலாசம் கோயிலை ஒட்டிய தோப்பில் கண்டதால் அந்தப் பெயர். பெயர் வைத்தவர் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 2004. நான்கே ஆண்டில், 2008இல், 'மிக அருகிவிட்ட இனம்' என்று உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. பாம்பன் தீவு, எதிர்க்கரையில் மண்டபம், அவ்வளவுதான் அதன் உலகம் என்று நினைத்திருக்கிறார்கள். அங்கேயும் இயற்கைக் காடு போய், புளியும் பனையும் தென்னையும் சவுக்கும் வைத்த தோப்புகளில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை தடவை ராமேஸ்வரம் போயிருப்பேன். இருபத்திரண்டு தீர்த்தத்தையும் வரிசை தப்பாமல் சொல்வேன். இப்படி ஒன்று அங்கே இருப்பது தெரியாது. மாவட்டத்தின் பெயரை உலக மேடையில் தூக்கி நிற்கிற ஓர் உயிரைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அமேசான் அனகோண்டா இருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து வீடு அமைதியானது. நேற்று அமாவாசை, இன்றும் கும்மிருட்டு. அண்ணனோடு தோப்புக்குப் போனேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "புளிய மரத்தடிக்கு ராத்திரியிலா?" என்றாள். பேய்க்குப் பயப்படும் வயதை நான் கடந்துவிட்டேன், தேளுக்குப் பயப்படும் வயதை இன்னும் கடக்கவில்லை.

இரண்டரை மணி நேரம் தேடினோம். பல்லிகள், மரவட்டை, உடைமரத்தடியில் ஒரு தேள். பனையின் காவோலைக்குள் எதுவோ சரசரத்தது, எலி. எட்டரை மணிக்கு ஒரு அடிமரத்தில் பெரிய சிலந்தி! கை நடுங்கப் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் சென்னையில் இருக்கும் சிலந்தி ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பினேன். என் கல்லூரித் தோழியிடம் படித்தவர். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மேடம், இது வீட்டுச் சுவரில் ஓடுமே, அந்தச் சிலந்திதான்."

ஒரு அறிவியல் ஆசிரியைக்கு இது போதும்.

அக்டோபர் 25, சனி

மழை. வெளியே போக முடியாது. அந்த ஆய்வாளர் தம்பி அனுப்பிய கட்டுரைகளைப் படித்தேன்.

1899இல் போக்காக் என்பவர் இதே பேரினத்தின் நீல நிறச் சிலந்தி ஒன்றை விவரித்து 'மெட்டாலிகா' என்று பெயரிட்டார். கிடைத்தது ஒரே ஒரு உடல், இடம் ஆந்திரத்தின் குத்தி. அப்புறம் நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் மறுபடி அகப்பட்டது குத்தியில் அல்ல. அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள மலைக்காட்டில். குத்தியில் அது கிடைத்தது ரயில்வே மரக்கிடங்கில். காட்டில் வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சீட்டில் எழுதியிருந்த ஊர், அந்தச் சிலந்தி இறங்கிய ஸ்டேஷன். பிறந்த ஊர் அல்ல.

இதேபோல ஆஸ்திரேலியாவில் ஓர் எறும்பு. பழங்கால எறும்புகளின் சாயல் மாறாமல் இருப்பதால் 'டைனோசர் எறும்பு' என்பார்கள். 1934இல் விவரிக்கப்பட்டது, இடம் மேற்கு ஆஸ்திரேலியா. எறும்பு ஆராய்ச்சியின் பெரிய தலை இ. ஓ. வில்சன் முதற்கொண்டு பலர் போய்த் தேடி வெறுங்கையோடு திரும்பினார்கள். 1977இல் ராபர்ட் டெய்லரின் குழு அங்கேதான் கிளம்பியது. வழியில் வண்டி மக்கர் செய்ய, ஆயிரம் கிலோமீட்டருக்கும் முன்னாலேயே தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு குக்கிராமத்தில் தங்க நேர்ந்தது. குளிர் நடுங்கும் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் மரத்தில் அதே எறும்பு. குளிர்ந்த இரவில்தான் அது இரை தேட வெளியே வருமாம். மற்றவர்கள் தேடிய நேரத்தில் அது வளையில் தூங்கியிருக்கும். அந்தக் கிராமத்தின் பெயர் பூச்செரா. பெயரிலேயே பூச்சி இருக்கிறதே என்று நான் சிரிக்க, அம்மா திரும்பிப் பார்த்தாள்.

'புதிய இடத்தில் கண்டுபிடிப்பு' என்று செய்தியில் வரும்போது பூச்சி இடம் மாறிப் போனதாக ஒரு தோரணை. பல நேரம் பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாம்தான் சரியான மரத்துக்கு, சரியான நேரத்தில் போகவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு, இரவு 11

பார்த்துவிட்டேன்.

மழை விட்டு மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பொந்துப் புளியிடமே மறுபடி போனோம். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். டார்ச்சை நேரே அடிக்காதே என்று சைகை. தரையிலிருந்து என் தலைக்குச் சற்று மேலே பொந்தின் வாயில் நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, முழு உடலும். மரப்பட்டையின் மேல் மரப்பட்டை நகர்வது போல. முதுகில் சாம்பலும் வெளுப்புமாகக் கோலம்.

பொந்துக்குள் சின்னதாக இன்னும் இரண்டு மூன்று அசைந்தன. குஞ்சுகள் சில காலம் தாயோடு ஒரே பொந்தில் இருக்கும் என்று படித்திருந்தேன். சிலந்திகளில் இது அபூர்வம். பெரும்பாலான சிலந்திக் குஞ்சுகள் நூலை விட்டுக் காற்றில் ஏறி எங்கோ போய்விடும். இவை பெரும்பாலும் நடந்தே பிரிகின்றன. அதனால்தான் ஒரு தோப்பு போனால் அந்தக் குடும்பமே போச்சு.

அண்ணன் ஒரு ஈர்க்கை நீட்டினார். தொடவில்லை, நீட்டினார் அவ்வளவுதான். மின்னல் வெட்டியது போல அது முன்கால்கள் இரண்டையும் தூக்கியது. அடியில் மஞ்சள். எலுமிச்சை மஞ்சள் இல்லை, கொன்றைப்பூ மஞ்சள். ஒரு நொடிதான். படம் கலங்கிவிட்டது. மறுபடி சீண்ட எனக்கு மனசு வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

தம்பியின் பதில். கலங்கிய படத்தை வைத்து இனம் இன்னதென்று சொல்ல முடியாதாம். கால்களின் அடிப்பக்கப் பட்டைகள்தான் அடையாளம், அவை துல்லியமாகத் தெரிய வேண்டும். "பேரினம் உறுதி மேடம். மேற்கொண்டு நேரில் பார்த்தால்தான்." ஏமாற்றம்தான். ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பிள்ளை, அது பிடித்தது.

இன்னொன்றும் எழுதியிருந்தார். ராமேஸ்வரத்தின் சிலந்தி கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் பதிவாகியிருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நீந்திப் போயிருக்காது. பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம், நடுவில் தரை. காடு இருந்திருக்கும். அதில் நடந்து போயிருக்கும். ஆழமில்லாத அந்தக் கடலை நாம் இரண்டு நாடாகப் பார்க்கிறோம், மீன்பிடிப் பிரச்சினையாகப் பார்க்கிறோம்.

வடக்கு இலங்கையில் மாங்குளத்தில் நடந்தது, அண்ணன் சட்டை கொண்டுவந்த கதை போலத்தான். அதுவும் இதே பேரினம். போர் முடிந்த 2009இல் உள்ளூர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த ஒரு செத்த ஆண் சிலந்தி. ரணில் நாணயக்கார குழுவினர் தேடித் தேடிப் பெண்ணையும் குஞ்சுகளையும் மரப்பொந்துகளிலும் பழைய ஆஸ்பத்திரியின் டாக்டர் குடியிருப்பிலும் கண்டார்கள். கால் விரித்தால் எட்டு அங்குலம், சோற்றுத் தட்டளவு. 2012இல் ராஜேய் என்று பெயர் வைத்தார்கள், தேடலுக்குத் துணை வந்த ராஜகுமார் என்ற காவல் ஆய்வாளரைக் கௌரவித்து. தன் பெயரை ஒரு சிலந்தி சுமக்க ஒரு போலீஸ்காரருக்குக் கிடைத்த வாய்ப்பு! எங்கள் அண்ணன் கேட்டால் என்ன சொல்வார்?

கேட்டேன். "நம்ம பேரு எதுக்கு டீச்சர் பூச்சிக்கு" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

மனசு சரியில்லை. அக்கா மகன் தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தவன், நான் காட்டிய படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான், ஊர்ப் பெயரோடு. இன்று காலை அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. மிக மரியாதையான குரல். "குட்டி கிடைக்குமா மேடம்? பெட் வச்சுக்கத்தான். ரேட்டு நீங்களே சொல்லுங்க."

மெட்டாலிகா மறுபடி அகப்பட்ட கொஞ்ச காலத்திலேயே வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் ஏறிவிட்டது. வாங்கி விற்பது பெருகியதால் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, 2019இல் ஜெனீவாவில் கூடியபோது, இந்தப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. சட்டம் வந்துவிட்டது. ஆனால் பொந்துக்குள் கையை விடுபவனை நிறுத்த அந்த நேரத்தில் அந்த மரத்தடியில் யாராவது இருக்க வேண்டுமே.

ஆய்வாளர் தம்பியிடம் சொன்னேன். அவர் கேட்பது நான்கு: தேதி, இடம், மரம், தரையிலிருந்து உயரம். இடம் இல்லாத பதிவுக்கு அறிவியலில் மதிப்பில்லை. இடத்தை வெளியே சொன்ன பதிவால் சிலந்திக்கு ஆபத்து. குத்தி என்று ஒரு தப்பான பெயர் நூறு வருடம் தேடியவர்களை அலைக்கழித்தது, அதுவே அந்த நூறு வருடமும் அதைக் காப்பாற்றியதோ என்னவோ. துல்லியமான இடத்தைக் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். பொதுவில் மாவட்டம் மட்டும் போடுவார்.

அக்கா மகன் படத்தை அழித்துவிட்டான். இந்த நோட்டில் 14ஆம் தேதிப் பக்கத்தில் தோப்பின் பெயர் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து, அது இல்லாமல் திருப்பி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

அண்ணன் கொண்டுவந்த சேதி வேறு. தோப்புக்காரர் காய்ப்பு குறைந்த மரங்களைப் பொங்கல் கழிந்ததும் விறகுக்குக் கொடுக்கப் போகிறாராம். முதல் கோடாலி எப்போதும் பொந்து விழுந்த மரத்துக்குத்தான். பலகைக்கு ஆகாது, காயும் சொற்பம், காற்றடித்தால் விழும். ஆந்தை, கிளி, பல்லி, சிலந்தி என்று எல்லோரும் குடியிருப்பது அதில்தான் என்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

சாயங்காலம் தோப்புக்காரர் வீட்டுக்குப் போனேன். சிலந்தி என்ற சொல்லையே எடுக்கவில்லை. அந்த ஒரு மரம் விறகுக்கு என்ன விலை போகும் என்று கேட்டேன். நாலாயிரம் என்றார். நானே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் மரம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றேன்.

"வெட்டாத மரத்தை வாங்கி என்ன டீச்சர் பண்ணுவீங்க?"

"நிழல் வேணும்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுத்து வேண்டாம், வாய்ச்சொல் போதும் என்று முடிந்தது. ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மீதி மூவாயிரம் தை மாதச் சம்பளத்தில்.