மண்டபத்துச் சிங்கர் மெஷினும் சிவப்புப் பாதரசமும்



வராந்தாப் படத்தைப் போட்டதிலிருந்து, "டீச்சர், டெய்லர் கடை வச்சிட்டீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். கடையெல்லாம் இல்லை. பழைய தையல் மெஷின்களைக் கழற்றி, துடைத்து, ஓட வைத்துத் திருப்பிக் கொடுக்கிறேன். முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. காசு வாங்குவதில்லை, உதிரிப்பாகச் செலவு மட்டும்தான். தம்பி மகள் வந்தால் "அத்தை வீட்ல மண்ணெண்ணெய் வாடை" என்று மூக்கைப் பொத்துகிறாள். பொத்தட்டும்.

நம்ம ராமநாதபுரம் பக்கத்தில் மெஷின்கள் ஓடித் தேய்வதில்லை, சும்மா இருந்தே கெடுகின்றன. உப்புக்காற்று அப்படி. உச்சிப்புளி தாண்டினால் ஜன்னல் கம்பியே வருஷத்தில் பொரிந்துவிடும், மெஷின் எம்மாத்திரம்? அதைவிடப் பெரிய எதிரி சமையலறையில் இருக்கிறது. மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ ஊற்றுகிறோம். நாள் போகப் போக அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடுகிறது. சக்கரம் இறுகிக் கிடக்கும் மெஷின்களில் பாதிக்கு மேல் துருவால் இறுகியவை அல்ல, இந்தப் பிசினால் இறுகியவைதான்.

அப்படி ஒன்று வந்தால் பலம் போட்டுச் சுற்றாதீர்கள். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும், உரசும் இடம் ஒவ்வொன்றிலும் சிரிஞ்சால் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் நூலளவு அசையுங்கள். மறுபடி சொட்டு. மூன்றாம் நாள் நாலாம் நாள் வழிவிடும். அதன்பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் போட வேண்டும், இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். வெளியே இருக்கும் தங்கப்பூ வேலைப்பாட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. பழைய சிங்கர்களில் அதன் மேல் போட்டிருக்கும் பளபளப்பு அரக்குப் பூச்சு, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். பஞ்சில் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும்.

இப்போது படத்தில் இருந்த அந்தக் கறுப்பு மெஷினுக்கு வருகிறேன்.

பாம்பனில் கடலுக்குப் போகும் என் பழைய மாணவன் ஒருவன், ஒரு நாள் காலையில் அவன் அம்மாவையும் சாக்கு சுற்றிய மெஷினையும் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். அந்த அம்மா சொன்ன வரலாறு இது. மெஷின் அவர்களுடைய தாத்தா ஹட்டனில் தவணைக்கு வாங்கியது. (சிங்கர் கம்பெனி இலங்கைக்கு வந்தது 1877-ல். தவணைக்குக் கொடுப்பதை அவர்கள் அமெரிக்காவில் 1850-களிலேயே தொடங்கிவிட்டார்கள்.) 1964 அக்டோபரில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. அதன்படி இந்தியாவுக்கு எழுதப்பட்ட குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இறங்கியபோது அந்த அம்மாவுக்கு ஆறு வயது. கூட வந்தவர்கள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போக, இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். முகாமிலிருந்து வெளியே வந்த நாள் முதல் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்த மெஷின்தான். அவர்களுடைய அம்மா இறந்தபிறகு பரண் ஏறியது. பதினைந்து வருஷமாக இறங்கவே இல்லை.

அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்தேன். ஈ.ஜி. என்று தொடங்குகிறது. ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் தொழிற்சாலை, ஈ.ஜி. என்றால் காலம் 1950-ஐ ஒட்டி. அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர்.

"தைக்கிறதுக்கா கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சரம்மா. சக்கரம் சுத்துனா போதும். வீடியோ எடுத்து அனுப்பணும்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வாட்ஸ்அப்பில் ஒருவர் பழக்கமாகி, பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, இருபது லட்சம் தருகிறோம் என்றிருக்கிறார். செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் சிக்னல் கட்டாக வேண்டும், அதுதான் சோதனையாம். மெஷின் சுற்றுகிற வீடியோவோடு பதினைந்தாயிரம் ரூபாய் 'பரிசோதனைக் கட்டணமும்' அனுப்ப வேண்டும். பேத்திக்கு நர்சிங் கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து, பணம் முந்தானையில் முடிந்து இருந்தது.

கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஞாபகம் இருக்கலாம். 2009 ஏப்ரலில் சவுதியில் இதே வதந்தி கிளம்பி, பழைய சிங்கர் மெஷினுக்கு இரண்டு லட்சம் ரியால் வரை விலை பேசினார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. அங்கேயும் இதே செல்போன் சோதனைதான். வேறு எங்கேயாவது என்றாலும் பரவாயில்லை, மண்டபத்தில் சிக்னல் கட்டாவதற்குப் பாதரசமா வேண்டும்? சில நாள் நம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பாடம் நடத்தாமல் இருக்க முடியுமா? தரையில் தினத்தாளை விரித்து, அவர்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன். உடம்பு வார்ப்பிரும்பு. தண்டும் ஊசிக்கம்பியும் எஃகு. பாதரசம் அறையின் வெப்பத்தில் வெள்ளியாக ஓடும் திரவம். அதன் சிவப்புச் சேர்மம் ஒன்று உண்டு, சாதிலிங்கம் என்று நாட்டுமருந்துக் கடையில் சொல்வார்கள். லட்சக்கணக்கில் விலைபோகும் சிவப்புப் பாதரசம் என்ற பொருள் உலகத்திலேயே கிடையாது. இருந்தாலும் துணி தைக்கிற மெஷினில் அதற்கு என்ன வேலை? "நீங்களே தேடிப் பாருங்க" என்று டார்ச்சைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பேசவில்லை.

"அப்ப இது வெறும் இரும்புதானா டீச்சரம்மா?"

"இரும்புதாம்மா. ஆனா ஓடும். எனக்கு பத்து நாள் குடுங்க."

முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். மகன் அவர்களை நேராக அடகுக்கடைக்கு அழைத்துப் போனான்.

பத்து நாள் போதவில்லை. சக்கரம் ஆறாம் நாள் சுற்றியது, தையல்தான் விட்டு விட்டு விழுந்தது. காரணத்தைச் சொல்கிறேன், ஒன்பதாம் வகுப்பு மாதிரி கேளுங்கள். ஊசி கீழே போய்ச் சற்றே மேலே எழும்பும்போது மேல்நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். அந்த நொடியில் ஷட்டிலின் கூர்முனை வந்து வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவில் கோத்துக்கொள்ளும். இந்த மெஷினில் எப்போதோ ஊசி வளைந்து மோதி, கூர்முனை மழுங்கியிருந்தது. ஜீரோ நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், தேறவில்லை.

நல்லவேளையாக இது 15 வகை மெஷின். இந்தியாவில் ஓடும் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பை ஒட்டிச் செய்தவை என்பதால் மதுரைக் கடையில் ஷட்டில் கிடைத்தது. பழம்பொருள் சேகரிப்பவர்கள், அசல் பாகத்தை மாற்றினால் மதிப்புப் போயிற்று என்பார்கள். அலமாரியில் வைப்பவர்களுக்கு அந்தக் கவலை இருக்கட்டும். மெஷின்களைக் கண்டாலே முகம் சுளித்த காந்தியே 1924-ல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார், அது பயன்படுகிற பொருள் என்பதற்காக. நான் காந்தி கட்சி.

பாபின் கேஸை நூலோடு தொங்கவிட்டேன். தானாக இறங்காமல், லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும். பழைய சேலைத் துண்டில் தைத்துப் பார்த்தேன், இருபக்கமும் ஒரே மாதிரி விழுந்தது.

கல்லூரிப் பணத்தை மெஷின் கட்டவில்லை. மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கட்டினார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் சீருடைத் தையல் நிறைய வந்தது, குழுத் தவணை அதிலிருந்து போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, "நீங்க போட்ட பெல்ட்டு லூசு டீச்சரம்மா" என்று குறை சொன்னார்கள். புதுத் தோல் வார் இழுபடத்தான் செய்யும். அரை அங்குலம் வெட்டிக் கொக்கி மாட்டிக் கொடுத்தேன்.

அந்தப் பாதரச வீடியோ இப்போதும் சுற்றுகிறது. உங்கள் அம்மாவுக்கோ அப்பத்தாவுக்கோ வந்தால் கூடவே உட்கார்ந்து பேசுங்கள், முன்பணம் கேட்டால் 1930-க்குப் போன் போடுங்கள். வீட்டில் பழைய மெஷின் கிடந்தால் படம் அனுப்புங்கள். மேலே இருக்கும் பூவை மட்டும் எடுத்து அனுப்பாமல், எண்ணும் ஷட்டில் பக்கமும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வைத்து எடுங்கள்.