சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர்

"சம்பளம் எவ்வளவுன்னு போடட்டும்?" என்று என் கணவர் கேட்டார்.

2022ஆம் ஆண்டு, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கரூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எனக்கு அனுபவச் சான்றிதழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். 2011 முதல் 2019 வரை அவர் நடத்திய சிறு தையல் யூனிட்டில் நான் கணக்காளராக வேலை பார்த்தேன் என்பதற்கான சான்றிதழ். என்னென்ன வேலைகள் என்ற இடத்தில் ஒரு முழுப் பக்கம் நிரம்பியது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் அவர் நாற்பது என்றார், நான் அதற்கும் மேல் என்றேன். அதற்கடுத்த வரி சம்பளம்.

"பூஜ்யம்னு போடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது யூனிட்டை மூடிய பிறகு. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி. என்று இரண்டு அடிகள். மேஜை விரிப்பும் சமையலறைத் துண்டும் தைத்துக் கொடுத்து, பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளிடமிருந்து பணம் வரும்வரை காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களால் அதைத் தாங்க முடியவில்லை. 2019 மார்ச்சில் மூடினோம். ஏப்ரலில் நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அவரும் வேறு இடத்தில் சேர்ந்தார். கடன் இருந்தது, மகளின் படிப்பு இருந்தது.

விசா ஆலோசகர் எங்கள் இருவரின் படிப்பையும் கேட்டுவிட்டு, "மெயின் அப்ளிகன்ட் நீங்கதான் மேடம். சார் உங்களோட சேர்ந்து வருவார்" என்றார். என் தொழிலுக்கு அந்த நாட்டுப் பட்டியலில் ஓர் எண் இருந்தது: 221111, பொதுக் கணக்காளர். ஊரில் விஷயம் தெரிந்தபோது என் மாமியார், "ஏம்ப்பா, பொண்டாட்டி பேர்லயா போகப் போற?" என்று மகனிடம் கேட்டார். அவர், "ஆமாம்மா, அவ பேர்லதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இத்தனை வருடங்களில் எந்தப் படிவத்திலும் நான் முதல் ஆளாக இருந்ததில்லை.

அந்த விசாவுக்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. நாம் படித்தது அவர்கள் ஊர்ப் படிப்புக்கு ஈடானதா என்று மதிப்பிட வேண்டும். கணக்காளர்களுக்கு இதைச் செய்ய அங்கே மூன்று தொழில் அமைப்புகள் இருக்கின்றன: சி.பி.ஏ. ஆஸ்திரேலியா, ஆஸ்திரேலியா நியூசிலாந்து பட்டயக் கணக்காளர் அமைப்பு, ஐ.பி.ஏ. இவற்றில் ஒன்றிடம் விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் இருக்கிறது என்று சொன்னால் போதாது. நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நிதி மேலாண்மை, தணிக்கை, வணிகச் சட்டம், பொருளியல், புள்ளியியல் என்று பாடம் பாடமாகப் பிரித்து, எந்தத் தாளில் எதைப் படித்தோம் என்று பார்ப்பார்கள். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. பட்டச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்தோடு இருக்கிறேன். திருமணத்துக்குப் பிறகு எடுத்த பான் அட்டையில் கணவர் பெயர் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. இந்த மூவரும் ஒருத்திதான் என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதினேன். என் கணவருக்குப் பள்ளிச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரை ஒரே பெயர். அவர் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, பாடத்திட்டம். 2001 முதல் 2004 வரை நான் படித்த பி.காம். பாடத்திட்டம் கல்லூரி அலுவலகத்தில் இல்லை. மூன்று முறை விடுப்பு எடுத்துத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். கடைசியில் கைகொடுத்தவர் ஓய்வுபெற்ற என் ஆசிரியை. செலவுக் கணக்கியல் எடுத்தவர். பரணிலிருந்து இறக்கிய பழைய பாடத்திட்டப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்து, "இதுக்கு ஒருநாள் யாராச்சும் வருவீங்கன்னு வெச்சிருந்தேன்மா" என்றார். அதைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் முத்திரை வாங்கினேன்.

ஆங்கிலத் தேர்வுக்கு விடியற்காலை நான்கிலிருந்து ஆறு வரை படித்தேன். ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் எனக்கு நேரம் கிடையாது. முதல் முறை போதவில்லை. இரண்டாம் முறை பி.டி.இ. தேர்வில் நான்கு பிரிவிலும் 79ஐத் தாண்டினேன். அதற்கு உச்சபட்சமாக 20 புள்ளிகள்.

படிப்பு மதிப்பீட்டில் தேறிவிட்டேன். பி.காம்., எம்.காம். இரண்டும் ஏற்கப்பட்டன. மீதி இருந்தது வேலை அனுபவம். அங்கேதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி வந்து நின்றது.

விதி இதுதான்: விண்ணப்பத்துக்கு முந்தைய பத்தாண்டுகளில் செய்த வேலை மட்டுமே கணக்கில் வரும். வாரத்துக்குக் குறைந்தது இருபது மணி நேரம் செய்திருக்க வேண்டும். அது சம்பளம் வாங்கிய வேலையாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் இருந்தால் 5 புள்ளி, ஐந்து இருந்தால் 10, எட்டு இருந்தால் 15.

திருமணத்துக்கு முன் 2006 முதல் 2011 வரை திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். அது பத்தாண்டு எல்லைக்கு வெளியே போய்விட்டது. எல்லைக்குள் இருந்த காலத்தில் பெரும்பகுதி யூனிட்டில் கழிந்தது. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு உட்கார்ந்தால் கொள்முதல், விற்பனை, வங்கி, வாட் கணக்கு, பிறகு ஜி.எஸ்.டி. எல்லாம் என் கையில்தான். ஜி.எஸ்.டி. வந்த முதல் சில மாதங்கள் இணையதளம் திறக்கட்டும் என்று நள்ளிரவு வரை காத்திருந்ததை இன்னும் மறக்கவில்லை. சனிக்கிழமை தோறும் பதினான்கு பேருக்குக் கூலிப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவேன். எட்டு வருடங்களில் ஒருமுறைகூட அந்தப் பட்டியலில் பதினைந்தாவது பெயரை எழுத எனக்குத் தோன்றவில்லை.

நான் வாங்கிய புடவையும், எனக்கு ஆன மருத்துவச் செலவும், நான் அம்மா வீட்டுக்குப் போன பஸ் டிக்கெட்டும் பேரேட்டில் இருக்கின்றன. உரிமையாளரின் எடுப்புகள் என்ற தலைப்பில், கணவர் கணக்கில். நானேதான் எழுதினேன்.

விசா ஆலோசகருக்கு இதெல்லாம் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. "பழைய தேதி போட்டுச் சம்பள ரசீது ரெடி பண்ணிக்கலாம் மேடம். கையில ரொக்கமா குடுத்தோம்னு சொல்லிக்கலாம்" என்றார். பொய் ஆவணம் பிடிபட்டால் விசா மறுக்கப்பட்டு மூன்றாண்டுத் தடையும் வரும் என்பது எனக்குத் தெரியும். பயம் இருந்தது உண்மை. ஆனால் என்னைத் தடுத்தது வேறு. அந்த எட்டு வருட லாப நட்டக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் தயாரித்தவள் நான். ஒன்றில்கூட என் சம்பளம் செலவாக வரவில்லை. இப்போது ரசீது தயாரித்தால், நான் எழுதிய கணக்கையே நான் பொய்யாக்குவேன். வேலையைச் செய்தது நிஜம், அதற்குக் காகிதம் மட்டும் பொய்யாக வேண்டும் என்ற நிலை எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆடிட்டர் அலுவலகத்து நாள்கள் நினைவுக்கு வந்தன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 64ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கணவரின் தொழிலிலிருந்து மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால் அதைக் கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்க வேண்டும். ஆனால் மனைவிக்குத் தொழில்சார்ந்த தகுதி இருந்து, அந்தத் தகுதியால் ஈட்டிய வருமானமாக இருந்தால் சேர்க்க வேண்டியதில்லை, அது அவளுடைய வருமானம். வரியைக் குறைக்க விரும்பிய முதலாளிகள் இந்த விலக்குக்குள் எப்படியாவது நுழையப் பார்ப்பார்கள். கடைப் பக்கமே வராத மனைவிகளுக்கு மாதச் சம்பளம் எழுதிய பேரேடுகளை இருபத்திரண்டு வயதில் நான் சரிபார்த்திருக்கிறேன். வேலை செய்யாத பெண்களுக்குக் காகிதத்தில் சம்பளம் இருந்தது. வேலை செய்த எனக்குச் சட்டமே இடம் கொடுத்தும் காகிதத்தில்கூட இல்லை. அந்தப் பிரிவை நான் படிக்காதவள் அல்ல. எங்கள் வீட்டுக்கு அது பொருந்தும் என்று நினைத்துப் பார்க்காதவள்.

காலையில் கணவரிடம் கேட்டேன். "ஏங்க, எனக்குச் சம்பளம் போடணும்னு உங்களுக்கு ஒருநாளும் தோணலையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயும் கேக்கலையே" என்றார். பிறகு, "நம்ம காசுதானேன்னு இருந்துட்டேன்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. என் விண்ணப்பத்துக்காக ஆங்கிலம் படித்து, தேர்வு எழுதி, துணைவருக்கான 5 புள்ளியை வாங்கித் தந்தவர். ஆனால் அந்த 'நம்ம காசு' வங்கியில் அவர் பெயரில் இருந்தது, வரிக் கணக்கில் அவர் பெயரில் இருந்தது. தொழில் நொடித்தபோது அடகுக்குப் போன நகைதான் என் பெயரில் இருந்தது.

சான்றிதழில் சம்பள வரியைக் காலியாக விட்டு அனுப்பவில்லை. அந்த எட்டு வருடங்களை அனுப்பவே இல்லை.

வயதுக்கு 25, படிப்புக்கு 15, ஆங்கிலத்துக்கு 20, கடைசி மூன்று வருட வேலைக்கு 5, துணைவருக்கு 5. மொத்தம் 70. யூனிட் காலம் சேர்ந்திருந்தால் 80. தகுதிக்குக் குறைந்தபட்சம் 65 போதும், ஆனால் அழைப்பு வருவது அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கு. கணக்காளர்கள் வரிசையோ நீளமானது. 2024 மார்ச்சில் எனக்கு நாற்பது வயது முடிந்தது. வயதுக்கான புள்ளி 25லிருந்து 15 ஆனது. ஏப்ரலில் சம்பள வேலை ஐந்தாண்டைத் தொட்டதால் 5 கூடியது. 65. அந்த அக்டோபரில் இரண்டாண்டுக் கெடு முடிந்து என் விருப்ப மனு தானாகக் காலாவதியானது. அழைப்பு வரவில்லை.

80 இருந்திருந்தால் வந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. என் கோபம் அந்த நாட்டின் மீது மட்டும் இல்லை. அவர்கள் காகிதம் கேட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டவளையும், குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உழைத்தவளையும் அந்த விதி ஒரே மாதிரி வெளியே தள்ளுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் காகிதத்தை உருவாக்காமல் விட்டது கரூரில், எங்கள் வீட்டில், என் பேனாவில்.

கணக்குத் தொழிலில் பெண்ணுக்குக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்று நமக்கு முன்பே ஒருத்தி காட்டியிருக்கிறார். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம், 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறியவர், இந்தியாவின் முதல் பெண் கணக்காளர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்ற விதி அவரைத் தடுத்தது. தேறியாகிவிட்டதே என்று அவர் இருந்துவிடவில்லை. நீதிமன்றம் போய், பதிவைப் பெற்று, தனியாகத் தொழில் நடத்தினார். பரீட்சையில் வென்றது பாதிதான், ஏட்டில் பெயர் ஏறுவது மீதிப் பாதி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரிய நாற்பது வயதாயிற்று.

இப்போது வேலைக்குப் போவதோடு, மாலையில் சில சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "இதுவரைக்கும் கணக்கு யார் எழுதினாங்க?" பாதிப் பேர், "வீட்லதான்" என்பார்கள். வீடு எங்கே எழுதும்? வீட்டில் இருப்பவள் எழுதியிருக்கிறாள்.

போன மாதம் அப்படி ஒரு பெண் கணவரோடு வந்திருந்தாள். பி.காம். படித்தவள், நோட்டும் டேலியும் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாள். உன் பெயரில் சம்பளம் போட வேண்டும், மாதாமாதம் உன் வங்கிக் கணக்குக்கு அது போக வேண்டும் என்றேன். "எனக்கு எதுக்குக்கா சம்பளம்? எங்கயும் போகப் போறதில்லையே" என்று சிரித்தாள். கணவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ போ, போகாம இரு. முதல்ல உன் பேரை எழுது" என்று நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

சம்பளக் கணக்கு, பற்று. எவ்வளவு என்று எழுதுவதற்கு முன்னால் அவள் கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வெளியில இந்த வேலைக்கு என்ன குடுப்பாங்களோ, அதை எழுது" என்றேன்.