கிடார் பெட்டிக்குள் என்ன இருந்தது?

உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2001-ல் நான் ஒரு சினிமா துணுக்கு எழுதினேன். அரைப் பக்கம்தான். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால், அதைப் படித்துவிட்டு என் அறை நண்பன் ஒருவன் ஊரிலிருந்த அரை ஏக்கர் நிலத்தை விற்றான். அவனுடைய அக்காவின் பதினோரு பவுன் நகை அடகுக்கடைக்குப் போனது. போனது போனதுதான்.

துணுக்கின் தலைப்பு, ‘7,000 டாலரில் ஒரு படம்!’

படத்தின் பெயர் ‘எல் மரியாச்சி’. 1992-ல் வந்த ஸ்பானிய மொழிப் படம். பழிவாங்கல், கூலிக் கொலையாளிகள், துப்பாக்கி, கொஞ்சம் காதல்... நமக்கு ஒன்றும் புதுசில்லை. சிறையில் இருக்கும் அஸூல் என்ற ரவுடியைத் தீர்த்துக்கட்ட, அவனுடைய பழைய கூட்டாளி மோக்கோ ஆள் அனுப்புகிறான். அஸூல் தப்பிவிடுகிறான். பாக்கிப் பணத்துக்கும் பழிக்குமாகச் சேர்த்துக் கணக்குத் தீர்க்க ஊருக்குள் வருகிறான், கிடார் பெட்டி நிறைய ஆயுதங்களோடு. அதே நாளில், அதே ஊருக்கு, அதே போலக் கறுப்பு உடையில் இன்னொருவனும் வருகிறான். அவன் அப்பாவி. பாட்டுக்காரன். அவன் பெட்டியில் இருப்பது நிஜமான கிடார்.

மோக்கோவின் கூலியாட்களுக்குத் தெரிந்த அடையாளம் கறுப்பு உடையும் கிடார் பெட்டியும்தான். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

இயக்கியவர் ராபர்ட் ரோட்ரிகஸ். படம் எடுத்தபோது வயது 23. டெக்ஸாஸ்காரர். பணத்துக்கு அவர் போன இடம் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடம். கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். ஒரு மாதம் உள்ளேயே அடைந்துகிடந்தால் சுமார் 3,000 டாலர். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் திரைக்கதை எழுதினார். பக்கத்துப் படுக்கையில் இன்னொரு சோதனை எலி, பீட்டர் மார்க்கார்ட். அவரையே வில்லன் மோக்கோ ஆக்கிவிட்டார். மார்க்கார்ட்டுக்கு ஸ்பானிய மொழி தெரியாது என்பது சின்ன விஷயம்!

1991 கோடையில், அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்ஸிகோ ஊரான ஸியுதாத் அகூன்யாவில் 14 நாளில் ஷூட்டிங் முடிந்தது. கேமரா இரவல். டிராலிக்குப் பதில் ஒரு வீல்சேர். க்ளாப் அடித்தால் ஃபிலிம் வீணாகும் என்று, நடிகர்களே விரல்களைக் காட்டிக் காட்சி எண் சொன்னார்கள். பெரும்பாலும் ஒரே டேக். சில துப்பாக்கிகள் உள்ளூர் போலீஸ் இரவல் கொடுத்தவை. வெற்றுத் தோட்டா போட்டால் ஒரு தடவை வெடித்து மாட்டிக்கொள்ளும். அதையே பல கோணத்தில் எடுத்து ஒட்டி, இயந்திரத் துப்பாக்கி சத்தம் சேர்த்துவிட்டார்.

கேமரா போட்ட இரைச்சலில் வசனத்தைக் கூடவே பதிய முடியாது. காட்சி முடிந்ததும் நடிகர்களை உட்காரவைத்து, அதே வசனத்தைத் திரும்பப் பேசச் சொல்லி டேப்பில் பிடித்தார். உதட்டசைவு கொஞ்ச நேரம் ஒத்துப்போகும். பிசகத் தொடங்கினால் ‘வெட்டு’... நாயைக் காட்டு, அடுத்தவன் முகத்தைக் காட்டு. படத்தின் வேகத்தைப் பார்த்து விமர்சகர்கள் அசந்துபோனார்களே, அதில் பாதி இந்தப் பிசகை மறைக்கப் போட்ட வெட்டுதான்.

மெக்ஸிகோ வீடியோ கடைகளுக்கு விற்று நாலு காசு பார்க்கலாம் என்று எடுத்த படத்தைக் கொலம்பியா பிக்சர்ஸ் வாங்கியது. 1993-ல் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது. அமெரிக்கத் தியேட்டர்களில் சுமார் 20 லட்சம் டாலர் வசூல்.

இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதி, ‘கோடம்பாக்கம் கவனிக்குமா?’ என்று பஞ்ச் வைத்து முடித்திருந்தேன்.

கோடம்பாக்கம் கவனிக்கவில்லை. என் அறை நண்பன் கவனித்தான்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை. அவன் அப்போது உதவி இயக்குநர். கால்குலேட்டரை என்னிடம் நீட்டினான். “மாப்ளே, நீதான் பி.காம்-ஆச்சே. நம்ம காசுக்கு எவ்ளோ வருது?”

தட்டிப் பார்த்துச் சொன்னேன். “மூணேகால் லட்சம்.”

“அவ்ளோதானா?”

அந்த ‘அவ்ளோதானா’ இன்னும் என் காதில் இருக்கிறது.

அவனும் பழிவாங்கும் கதைதான் எழுதினான். மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் நாலு கூலிக் கொலையாளிகள். நல்ல கதை. ஆனால், அதில் இரண்டு கார் மோத வேண்டும், மழை பெய்ய வேண்டும், ஒரு கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம் வேண்டும். ஒன்பதாவது நாள் பணம் தீர்ந்தது. எடுத்த நெகட்டிவைக் கழுவ லேபுக்குக் கட்டக் காசில்லை. அக்காவின் நகையை மீட்க முடியவில்லை. ஏலத்துக்குப் போய்விட்டது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவனை ஊருக்கே திரும்ப வைத்தது.

நான் எங்கே தப்பு செய்தேன்? பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லித்தருவார்கள். பேரேட்டில் ஏறாத செலவும் செலவுதான். நடிகர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளமில்லை, யூனிட் என்று ஒன்றே இல்லை, இடத்துக்கு வாடகையில்லை. இதையெல்லாம் ரூபாயாகப் போட்டுப் பாருங்கள், ஏழாயிரம் எங்கேயோ போகும். தியேட்டருக்குத் தகுந்தபடி பிரின்ட்டையும் ஒலியையும் சரிசெய்ய கொலம்பியா கொட்டியது, படம் எடுத்த செலவைப் போலப் பல மடங்கு. அதை நான் எழுதவில்லை. இடமில்லை என்று அல்ல, எழுதினால் தலைப்பு படுத்துவிடும்!

கதாநாயகன் கார்லோஸ் கயார்தோவையும் விட்டுவிட்டேன். ரோட்ரிகஸின் சிநேகிதன், பட வேலைகளில் பாதி ஆள். 1995-ல் ஹாலிவுட் பணத்தில் ‘டெஸ்பராடோ’ என்று அடுத்த பாகம் வந்தபோது, மரியாச்சியாக நடித்தவர் அன்டோனியோ பண்டேராஸ். கார்லோஸுக்குச் சின்ன வேடம். இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

எல்லாவற்றையும்விட, படத்தின் நிஜமான சூட்சுமத்தையே நான் எழுதவில்லை. ரோட்ரிகஸ் கதையை முதலில் எழுதவில்லை. பட்டியலைத்தான் முதலில் போட்டார். கார்லோஸுக்கு அந்த ஊரில் தெரிந்தவர்கள் உண்டு. என்னென்ன ஓசியில் கிடைக்கும்? ஒரு மதுக்கடை, ஒரு பண்ணை வீடு, ஒரு பஸ், ஒரு நாய். தெருவில் எதிர்ப்பட்ட ஆமையைக்கூட விடவில்லை. அவற்றைச் சுற்றித்தான் கதையைக் கட்டினார். என் நண்பன் தொகையைப் பின்பற்றினான். பின்பற்ற வேண்டியது பட்டியலை. அதைச் சொல்லாமல் விட்டவன் நான்.

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நண்பன் ஊரில் ஷாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்து நன்றாகவே இருக்கிறான். போன மாதம் போன் செய்தான்.

“மாப்ளே, அக்கா பையன் போன்லயே படம் எடுக்கப்போறானாம். கூலிக்குக் கொல பண்றவன் கதை. அன்னிக்கு நீ எழுதினியே, அந்தப் படம் பேரு என்ன?”

எனக்குக் கை நடுங்கியது. அந்த அக்காவின் பையன்!

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினேன். மருந்துச் சோதனை, வீல்சேர், கொலம்பியா செலவு, கார்லோஸ் என ஒன்று விடாமல் முழுக் கணக்கையும் ஒப்பித்தேன். கடைசியில் கேட்டேன். “தம்பி, ஒரு பைசா செலவில்லாம இப்ப உங்ககிட்ட என்னென்ன இருக்கு?”

யோசித்துச் சொன்னான். “மாமா கடையில எரநூறு சேர் இருக்கு அங்கிள். ஒரு டாடா ஏஸ். ஜெனரேட்டர். அப்புறம்... செத்தவங்களை வைக்கிற ஃப்ரீஸர் பாக்ஸ் ரெண்டு.”

“ரெண்டா?”

“ஆமா அங்கிள். ஒண்ணு எப்பவும் சும்மாதான் கெடக்கும்.”

“அப்ப கதையை அதுக்குள்ளேர்ந்து ஆரம்பி” என்றேன்.