படம் பார்க்கும் தோழமை

கண்டி நகரில் எங்களுக்கு ஒரு சிறு நண்பர் வட்டம் உண்டு. ஆசிரியர், எழுதுவினைஞர், முச்சக்கர வண்டி ஓட்டுநர், தோட்டத்து இளைஞர் எனப் பலதரப்பட்டவர்கள் அதில் இருக்கிறோம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பாயில் அமர்கிறோம். போயா தினங்களில் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடி, காட்டிலும் மலையிலும் தாங்கள் எடுத்த படங்களை நடுவில் வைத்து, ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் கருத்துச் சொல்வதே எங்கள் வேலை.

கேட்பதற்கு இது எளிய பொழுதுபோக்காகத் தோன்றும். உண்மையில், பிறர் படத்தைப் பற்றி நேர்மையாக நான்கு வார்த்தை சொல்வது படம் எடுப்பதைவிடக் கடினமானது. எதைக் காட்டினாலும் ‘அருமை’ என்று சொல்லிவிட்டுத் தேநீரில் கவனம் செலுத்துபவர் பலர். தம் அறிவைக் காட்டுவதற்காகவே பிறர் படத்தைக் குதறுபவர் சிலர். முன்னவர் படத்தைப் பார்ப்பதே இல்லை. பின்னவர் படத்தில் தம்மையே பார்க்கிறார். நட்பின் கடமைகளுள் இடித்துரைத்தலையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். ஆனால் இடித்துரைப்பது வேறு, இடித்துத் தள்ளுவது வேறு.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் தேன்சிட்டின் கூடு ஒன்றைப் படம் பிடித்து வந்தார். கூட்டின் வாயில் இரண்டு குஞ்சுகள். அவற்றின் மீது தெளிந்த காலை வெயில். எல்லோரும் வியந்தோம். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “மல்லி, கூட்டின் முன்னால் ஓர் இலைகூட இல்லையே, ஏன்?” என்று கேட்டார். வெளிச்சம் விழுவதற்காக இரண்டு சிறு கிளைகளை வெட்டியதாக நண்பர் சொன்னார். ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. அந்த இலைகளே குஞ்சுகளுக்குக் கூரையும் சுவரும் என்றார். அவை போனால் வெயில் சுடும், காகத்தின் கண்ணுக்குக் கூடு தெரிந்துவிடும், அஞ்சிய தாய்ப்பறவை திரும்பாமலே போகவும் கூடும் என்றார். அடுத்த மாதம் அதே நண்பர், வாழைப்பூவில் தேன் உண்ணும் சிட்டு ஒன்றைத் தொலைவிலிருந்து எடுத்து வந்தார். வெளிச்சம் முன்னதைப்போல் அமையவில்லை. ஆயினும் அந்தச் சிட்டு அச்சமின்றி இருந்தது. அது படத்திலே தெரிந்தது.

அந்த ஆசிரியரிடம் கமெராவே கிடையாது. ஆனால் பறவையை அவர் அறிவார். இயற்கைப் படத்தைப் பற்றிப் பேசும் முதல் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது.

உலக அரங்கிலும் இதற்குச் சான்று உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் படப் போட்டியில் 2009-ஆம் ஆண்டின் முதற்பரிசு, மரவேலிக் கதவொன்றைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்திற்குக் கிடைத்தது. நடுவர்கள் பார்த்து வியந்த படத்தைப் பார்த்து, ஓநாயை அறிந்தவர்கள் ஒரு சிறு கேள்வி எழுப்பினார்கள்: கதவின் இடைவெளி வழியே நுழைந்து போகக்கூடிய காட்டு ஓநாய், எதற்காகத் தாண்டிக் குதிக்க வேண்டும்? விசாரணை நடந்தது. அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் இறுதிவரை மறுத்தார். ஒளியையும் அமைப்பையும் அளந்து பார்த்த கண்கள் தவறவிட்டதை, விலங்கின் நடையை அறிந்த கண்கள் கண்டுகொண்டன.

எங்கள் ஊரிலும் இத்தகைய கேள்விகளுக்குக் குறைவில்லை. பேராதனைப் பூங்காவின் மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பெருங்கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்குகின்றன. பகல் அவற்றுக்கு உறங்கும் நேரம். சில இடம் மாறிப் பறப்பதுண்டு; ஆனால் நடுப்பகலில் ஒரு மரத்தின் கூட்டம் முழுவதும் வானில் சிதறும் படத்தைக் கண்டால், யாராவது கைதட்டினார்களா, கல்லெறிந்தார்களா என்று கேட்பது நண்பன் கடமை. உடவத்தகெலே, மன்னர் காலத்து அரண்மனைத் தோட்டம். 1856-இல் காப்புக் காடாகவும் 1938-இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. இலங்கைக்கே உரிய செங்குரங்குகளை அங்கே எளிதில் காணலாம். அவற்றில் ஒன்றன் படத்தைத் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் காட்டினேன். “தம்பி, இது காட்டைப் பார்க்கலையே, யாரோட கையையோ பார்க்குதே” என்றார். அப்படத்தை எடுத்தவர் வாழைப்பழம் நீட்டிய செய்தி பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

இனி, கருத்துரை எவ்வாறு ஓர் இளைஞனை வீழ்த்தும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்தைச் சேர்ந்த தோட்டத்து இளைஞர், பழைய கமெரா ஒன்றை இரவல் வாங்கிப் படம் எடுப்பவர். நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் படங்களைக் காட்டியபோது, “இந்த வில்லையை வைத்துக்கொண்டு பறவைக்கு ஏன் ஆசைப்படுகிறாய்?” என்று ஒருவர் சிரித்தார். சபையும் சிரித்தது. அதன்பின் ஏழு மாதம் அவர் கமெராவைத் தொடவில்லை. அங்கே விமர்சிக்கப்பட்டது படமன்று, அவருடைய வறுமை.

தமிழ் நாவல் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், வெவ்வேறு கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கமெராவைக் கொண்டே யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவரது வலிமை, விலங்கை ஆண்டுக்கணக்காகப் பொறுமையுடன் கவனித்ததில் இருந்தது. வில்லையின் விலையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே எங்களுக்குள் சில வழக்கங்களை வகுத்துக்கொண்டோம். முதலில், படத்தில் உள்ள உயிருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது. அடுத்து, படம் எதைச் சொல்ல முயல்கிறது என்று எடுத்தவரிடமே கேட்டறிவது. அதன் பின்னரே, அடிவானம் சாய்ந்திருக்கிறது, கண்ணில் கூர்மை இல்லை, பின்னணிக் கிளை தலையில் முளைத்ததுபோல் நிற்கிறது என்ற குறைகளைச் சொல்வது. சொல்லும்போது திருத்தும் வழியையும் சொல்வது. கேட்பவர் உடனே வாதிடாமல் முழுவதும் கேட்க வேண்டும். ஏற்பதும் ஏற்காததும் அவர் உரிமை.

தோட்டத்து இளைஞரை நாங்கள் வீடு தேடிச் சென்று அழைத்து வந்தோம். ஹந்தானைச் சரிவின் தேயிலை மலையை மூடுபனியோடு எடுத்த படம் ஒன்றை அவர் கொணர்ந்தார். அதைத் தம் தாயாரிடம் முன்பே காட்டியிருக்கிறார். நாற்பதாண்டு கொழுந்து பறித்த அந்த அம்மா, “மலை நல்லாத்தான் இருக்கு. கான் வெட்டுன ஆளு எங்கே?” என்று கேட்டாராம். நாங்கள் வாயடைத்துப் போனோம். 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைப் பாடநூல்கள் சொல்கின்றன. காடாக இருந்த மலைகளைக் கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் திருத்தி, கான் வெட்டி, கல் அடுக்கிய கைகளைப் பற்றி அந்தப் பசும் படங்கள் பேசுவதில்லை. இயற்கைக் காட்சி என்று நாம் பெயரிட்டதில் பாதி மனித உழைப்பு என்பதை ஒரு தொழிலாளித் தாயின் ஒரு கேள்வி உணர்த்திவிட்டது.

மகன் இப்போது அதே சரிவை, அதிகாலையில், கான் சுத்தம் செய்யும் தொழிலாளரோடு சேர்த்து எடுத்துவருகிறார். படங்கள் இன்னும் முழுமை பெறவில்லை. அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த போயா தினத்தில் அந்த அம்மாவையும் அழைத்துவருமாறு கேட்டிருக்கிறோம்.