கருப்பட்டிக் காப்பியும் ஒரு கும்பாச் சோறும்

தாமிரபரணிக் கரை ஊர்களில் சோறு என்பது வெறும் சாப்பாடு இல்லை, அது ஒரு மரியாதை. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் ஆறு அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று வயல்களை நனைத்துக்கொண்டே திருநெல்வேலியைத் தாண்டிப் போகிறது. வழி நெடுக நெல்தான். வீட்டுக்கு வந்தவர் இரண்டாவது முறை சோறு வாங்கவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிடும். இப்படிப்பட்ட ஊரில் சர்க்கரை நோய் வந்தால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்படி ஒரு ஆச்சி இருப்பார். வயது அறுபத்தைந்து. சுகர் வந்து பத்து வருஷம். மாத்திரை ஒரு நாளும் தவறாது. காப்பியில் சீனி கிடையாது, கருப்பட்டிதான். அல்வா வீட்டுக்கு வந்தால் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கமாட்டார். அவருடைய தம்பிக்குக் காலில் புண் ஆறாமல் ஒரு விரலையே எடுத்தாகிவிட்டது. அந்தப் பயம் அவருக்கு நிறையவே உண்டு. ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மெஷினில் 290 என்று காட்டுகிறது!

"நான் இனிப்பே திங்கலையேய்யா... பெறவு எங்கேருந்து ஏறுது?" என்று பேரனிடம் கேட்கிறார்.

நியாயமான கேள்வி. பதில் அவருடைய தட்டில்தான் இருக்கிறது. காலையில் ஐந்து இட்லி. பதினோரு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி. மத்தியானம் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு. பக்கத்தில் ஒரு கரண்டி பொரியல். சாயங்காலம் இரண்டு முறுக்கு. ராத்திரி "சுகருக்குச் சோறு ஆகாது" என்று நான்கு தோசை!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று தடவை வாங்கினால் எப்படியும் 350 கிராம் சோறு உள்ளே போகும். அதாவது கிட்டத்தட்ட 100 கிராம் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை மாதிரி. குடலுக்குள் போனதும் மாலை அறுந்து மணி மணியாக ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு தேக்கரண்டி சீனி ஐந்து கிராம் என்று வைத்தால், அந்தச் சாப்பாட்டின் மாவுச்சத்து இருபது கரண்டி சீனியின் எடைக்குச் சமம். நாக்குக்கு இனிக்கவில்லை என்பதால் ரத்தத்துக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

இட்லி, தோசை கதையும் இதேதான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த 'அம்பை 16' என்ற குண்டு ரகத்தை இட்லிக்கு விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அரிசி ஊறி, மாவாக அரைபட்டு, வெந்து வந்தபிறகு அது செரிக்க இன்னும் சுலபமாகிவிடுகிறது. சோற்றுக்குப் பதில் நான்கு தோசை என்பது வாசலை மூடிவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைப்பது போல.

அடுத்தது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி மேல் இந்தப் பக்கத்து மக்களுக்கு அப்படி ஒரு பாசம். மணமும் ருசியும் சீனிக்கு வராது, உண்மைதான். தாது உப்புகளும் கொஞ்சம் இருக்கும். ஆனால் கருப்பட்டியில் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ். கடைச் சீனியில் இருப்பதும் அதேதான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை இரண்டுக்கும் இது பொருந்தும். "இயற்கையானது" என்ற சொல்லைப் படித்துப் பார்த்து ரத்தம் சலுகை கொடுப்பதில்லை.

உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை அளக்க கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று ஒரு எண் உண்டு. கனடாவின் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-ல் கொண்டுவந்தது. 55-க்குக் கீழே என்றால் மெதுவாக ஏற்றும், 70-க்கு மேல் என்றால் சட்டென்று ஏற்றும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது, அளவும் முக்கியம். கேழ்வரகு நல்லது என்று நைசாக அரைத்துக் கூழாக்கி இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று ஆறு சப்பாத்தி சாப்பிடுபவருக்கும் இதே கதிதான்.

இது ஒரு ஆச்சியின் பிரச்சனை மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியா முழுவதுமான ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. தினமும் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுபவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்றது அது. அந்தத் தொடர்பு மிகவும் பலமாகத் தெரிந்த இடம் தெற்காசியா. அந்தக் காலத்திலும் சோறுதானே சாப்பிட்டார்கள் என்று கேட்கலாம். சாப்பிட்டார்கள், ஆனால் நாற்று நட்டார்கள், களை பறித்தார்கள், ஆற்றுக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். அந்தச் சோறு எரிந்தது. மில்லில் பளபளவென்று தீட்டிய அரிசியும் அன்று இவ்வளவு இல்லை.

அப்படியென்றால் ஆச்சி சோற்றையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். உணவு ஆலோசகர் சொன்னது ரொம்பச் சின்ன மாற்றங்கள்தான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு. இன்னொன்று, சாப்பிடும் வரிசை. காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். 2015-ல் அமெரிக்காவில் பதினொரு பேரிடம் மட்டும் செய்த சின்ன ஆய்வு ஒன்றில், இப்படி வரிசையை மாற்றியதற்கே ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. மூன்றாவது, சாப்பிட்டதும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது. தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பருப்பு, முட்டையைக் கூட்டும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆச்சிக்குக் கஷ்டமாக இருந்தது சோற்றைக் குறைப்பது இல்லை. "போதும்" என்று சொல்வதுதான். சொந்தக்காரர் கல்யாணம் முடிந்து மறுநாள் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. பரிமாற வந்தவர் சோற்றைக் கொண்டுவந்து நிற்கிறார். ஆச்சி இலையில் கையைக் குறுக்கே வைத்து, "சோறு போதும்யா, சொதியில கெடக்க காயை அள்ளி வையி" என்றார். பந்தியில் எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்துச் சாப்பிட்ட பின் பார்த்த அளவு 185. அதிசயம் ஒன்றும் இல்லை, இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். ஆனால் 290 இல்லை.

ஒரு நாள் காலையில் ஆச்சிக்குச் சோதித்த பேரன், விளையாட்டாகத் தன் விரலிலும் ஊசியைக் குத்திப் பார்த்தான். வயது இருபத்தொன்று. வெறும் வயிற்றில் 114. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது! வீட்டு மெஷினை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது, லேபில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆச்சி மெஷினை வாங்கிப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய் அவனுடைய கும்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு சின்னத் தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.