இரண்டு தீக்குச்சி இடைவெளி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரியில் சேர வந்த நாளில், விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதினேன். பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை. என் தந்தை டிங்கர். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், பட்டறையில் சுத்தியலைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. “இது உனக்கு வேணாம்டா, போய்ப் படி” என்பார்.

சென்ற கோடை விடுமுறையில் அந்தத் தடை கொஞ்சம் தளர்ந்தது. காரணம், ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய கார். அவருடைய தந்தை வாங்கியதாம். மாட்டுக்கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்து, கோழி முட்டையிடும் இடமாகி, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டு கதவு வண்டி.

இந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. வடிவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1953இல், ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார்க்கூடு செய்து கொடுத்துவந்த நிறுவனம் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழுக் கூட்டை ஒரே வார்ப்பாகச் செய்து தர ஆள் இல்லை. ஆகவே தனியே ஒரு சேஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்கும் பாடி என்று அமைத்தார்கள். அப்படிப் பிரித்து அனுப்பிப் பூட்டுவது வெளிநாடுகளுக்கும் வசதியாயிற்று. 1961 முதல் நம் சென்னையிலும் அந்தக் கார் தயாரானது.

துண்டுகளாக இருப்பதால் பிரிப்பது எளிது. மறுபடி சேர்ப்பதுதான் உயிரை வாங்கும். கதவு தொங்குவது முன் துண்டில். அது வந்து மூடுவது பின் துண்டில். இரண்டுக்கும் நடுவே தரையில் ஓர் இணைப்பு. இரண்டும் சேஸின்மேல் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் கதவு இடைவெளி அமையும். உயரத்தைச் சரிசெய்ய, போல்ட்டு போடும் இடங்களில் அடியில் பேக்கிங் தகடுகள் வைப்பார்கள்.

அன்று அப்பா போல்ட்டு வாங்க வெளியூர் போயிருந்தார். “துருவை மட்டும் சுரண்டி வை” என்பது உத்தரவு. நானோ கதவைச் சாத்திப் பார்த்தேன். பின் விளிம்பு, கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, மட்கார்டில் இடித்தது. அடிப்பக்கம் விரல் நுழையும் அளவு இடைவெளி; மேலே ஒன்றுமில்லை. வெர்னியரில் அளந்து பழகிய எனக்குக் கணக்கு சட்டென்று வந்துவிட்டது. மேலே 2 மி.மீ. குறைத்தால் கதவு மூடும். கிரைண்டரை எடுத்தேன். பத்து நிமிடம். கதவு மூடியது! அப்பா வந்தால் மெச்சுவார் என்று தேநீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தேன்.

வந்தவர் கதவைத் தொடவே இல்லை. விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு காருக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் கழித்து, “கதவு என்னடா பண்ணுச்சு?” என்று மட்டும் கேட்டார்.

நடுப்பகுதியில் இருக்க வேண்டிய பேக்கிங் துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது. நடு இறங்கினால் முன் துண்டும் பின் துண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலை சாய்க்கும். மேலே இடைவெளி மூடும், கீழே திறக்கும். விரித்த புத்தகத்தை முதுகு கீழே இருக்கும்படி இரு கைகளிலும் பிடித்து, முதுகைத் தாழவிட்டுப் பாருங்கள், புரியும். இரண்டாண்டு இயற்பியல் படித்தவனுக்கு இது தோன்றவில்லை என்பதை என் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். அப்பா அங்கே 3 மி.மீ. தகடு வைத்து, ஜாக்கிகளை எடுத்து, வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகு கதவைச் சாத்தினார். ஜாக்கியில் நிற்கும் வண்டியில் அவர் எப்போதும் இடைவெளி பார்ப்பதில்லை. கீழே சரியாக இருந்தது. மேலே, நான் தேய்த்த இடத்தில், ஓட்டைப் பல் போல அகலமாக இளித்தது.

அதைவிட மோசம் ஒன்று. கதவின் வெளித்தகடு உள்சட்டத்தைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். நான் தேய்த்தது அந்த மடிப்பை. இரண்டு தகடும் வாய் பிளந்து நின்றன. வேறு கதவு வாங்கலாம் என்றால், இந்தக் காரைச் செய்வது நின்றே பல்லாண்டு ஆகிவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து அப்பா அந்த விளிம்பைக் கட்டினார். மெல்லிய தகட்டில் சூடு ஏறினால் முழுக் கதவும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே கேஸ் வெல்டிங்கில் ஒரு பொட்டு. உடனே ஈரச் சாக்கு. ஆறியபின் சற்றுத் தள்ளி இன்னொரு பொட்டு. சாக்கை நனைத்து நீட்டியது நான். பொட்டுகளெல்லாம் சேர்ந்து ஒரு கோடாக ஆனபோது பிற்பகல். பிறகு அரம். என் வெர்னியரை அவர் கேட்கவில்லை. தீக்குச்சி இரண்டைச் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழே இடைவெளியில் இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குச்சி சிக்கியது. அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி குச்சி. முழங்கை உயரத்தில் எனக்குக் கண்ணுக்கே தெரியாத ஒரு மேட்டை விரலால் கண்டுபிடித்தார். திட்டவே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

“பெயிண்ட் அடிச்சா தெரியாதுல்லப்பா?” என்று கேட்டேன்.

“தெரியாது. நாளைக்கு சார்கிட்ட நீயே சொல்லிரு.”

சொன்னேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவை ஒருமுறை திறந்தார், மூடினார். “எந்த இடம்?” என்றார். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எந்தக் காலேஜ் தம்பி?” என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு.

பட்டறையில் பில் எழுதுவது என் வேலை. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: சேஸ் ஒட்டு, தரைத் தகடு, மட்கார்டு, பானெட். கதவு விளிம்பு வந்ததும் நிறுத்தினேன். அரை நாளுக்கு மேல் ஆன வேலை, கேஸ் வேறு.

“எழுது. கதவு விளிம்பு கட்டினது. கூலி இல்லை” என்றார்.