ராஜபாளையத்து வெள்ளைக்காரர்

ராஜபாளையம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பஞ்சாலை என்பார் வீட்டுக்காரர். மாம்பழம் என்பீர்கள் நீங்கள். வீட்டில் பத்து வயதில் ஒரு பெண்ணோ பையனோ இருந்தால் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு, "நாய்!" என்று ஒரு கூச்சல் வரும்.

மூன்றும் சரியான விடைதான். ஆனால் நூல் புடவையாகி நைந்து போகும். மாம்பழம் இரண்டு நாளில் தீர்ந்து போகும். மூன்றாவது அப்படியல்ல. வீட்டுக்குள் வந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே இருக்கும். ஆகையால், குழந்தை பிடிவாதம் பிடிக்கிறதே என்று குட்டி வாங்கக் கிளம்புவதற்கு முன், அந்த ஊரை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

சென்னையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்துக்கொள்ளுங்கள். விருதுநகரைத் தாண்டினால் பட்டாசுக்குப் பெயர்போன சிவகாசி. அப்புறம் ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு அடுத்த பெரிய ஊர் ராஜபாளையம். இறங்கியதும் மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்கு மதில் கட்டினாற்போல் நிற்கும். மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும். சப்பட்டை மாம்பழம் இந்த ஊரின் தனிச் சொத்து. ஊருக்குப் பக்கத்தில் சஞ்சீவி மலை. மழை பெய்த நாட்களாக இருந்தால் அய்யனார் கோவில் அருவிக்கும் போய் வரலாம்.

ஊரின் பெயரிலேயே ராஜாக்கள் இருக்கிறார்கள். விஜயநகர காலத்துக்குப் பிறகு ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறிய வம்சத்தினர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர்தான். தாம் குடியிருந்த வீட்டையே கலைக்காகக் கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம் என்று அது இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அந்தப் பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்படுகிறது.

இப்போது நமது வெள்ளைக்காரரிடம் வருவோம்.

பால் போன்ற வெள்ளை உடம்பு. ரோஜா நிற மூக்கு. பொன்னிறக் கண்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், வில்போல் வளைந்த வால். நின்றால் நம் இடுப்புக்குச் சற்றுக் கீழே அவர் முதுகு இருக்கும். இந்தியத் தபால் இலாகா 2005-ல் நமது நாட்டு நாய்களுக்காக நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது, இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு இவரும் ஒரு தலையில் இடம் பிடித்தார்.

பார்ப்பதற்கு இவ்வளவு அழகு. ஆனால் இவர் அழகுக்காகப் பிறந்தவர் அல்ல. காட்டுப் பன்றி வேட்டைக்கும், தோட்டம் துரவுக் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து எடுத்த ஜாதி. பாளையக்காரர்களின் நாய் என்றே வெள்ளைக்காரத் துரைகள் எழுதிவைத்தார்கள். மைல் கணக்கில் ஓடினாலும் களைக்காத கால், அந்நியரைக் கண்டால் சட்டென்று சிநேகமாகாத சுபாவம், வீட்டாரில் ஒருவரிடம் மட்டும் உயிரையே வைக்கும் குணம் — எல்லாம் அந்த வேலைக்காக ஏற்பட்டவை.

அந்த வேலை இன்று இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீங்கள் ரயிலடியில் நின்று பார்த்தீர்களே, அந்த மலைப் பக்கம் 1988-ல் சாம்பல் நிற மலை அணில்களுக்குச் சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. வேட்டை போயிற்று, போகவேண்டியதுதான். ஆனால் வேட்டைக்கு ஏற்பட்ட கால்கள் போகவில்லையே! அந்தக் கால்களைத்தான் நாம் மாம்பலத்திலும் காந்திபுரத்திலும் மூன்றாவது மாடியிலுள்ள இரண்டு அறை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம். வந்தவர் சோபாவைக் கிழிக்கிறார், செருப்பைக் கடிக்கிறார், பகலெல்லாம் குரைக்கிறார். "பொல்லாத நாய்" என்று பெயர் வாங்குகிறார். பொல்லாத்தனம் இல்லை, அம்மா. வேலையில்லாத் திண்டாட்டம்!

வெள்ளைக்குக் கொடுத்த விலை

இன்னொரு விஷயமும் இந்த ஊரில் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜபாளையம் நாய் என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது மனிதர்கள் வைத்த ஆசை. பழுப்பும் கறுப்புமாகவும் குட்டிகள் பிறந்ததுண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு வெள்ளையோடு வெள்ளையையே ஜோடி சேர்த்தார்கள். உடம்புக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் காதுக்குள்ளும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், கேட்கும் நரம்புகள் பிறந்த சில வாரங்களிலேயே கெட்டுப் போகும். அதனால்தான் இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் அதிகம் பிறக்கின்றன. நம் கண்ணுக்கு அழகு வேண்டுமென்று அதன் காதை விலையாகக் கொடுத்துவிட்டோம்.

குட்டி பார்க்கும்போது, அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து கையைத் தட்டிப் பாருங்கள். தரை அதிராமல் தட்ட வேண்டும். அதிர்ச்சி பட்டால் செவிட்டுக் குட்டியும் திரும்பிப் பார்த்துவிடும். சந்தேகமிருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. செவிடு என்று தெரிந்தே எடுத்துக்கொள்வதிலும் தவறில்லை. கைஜாடையில் பழக்கலாம். ஆனால் தெருவில் ஒரு நாளும் அவிழ்த்துவிடக் கூடாது. பின்னால் வரும் லாரி அதற்குக் கேட்காது.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. தாயிடம் பால் குடித்து, கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் 'இவ்வளவு கடித்தால் வலிக்கும்' என்ற பாடத்தைக் குட்டி கற்றுக்கொள்கிறது. "சின்னதாக இருந்தால்தானே நம்மோடு ஒட்டும்?" என்று கண் திறந்ததும் தூக்கிக்கொண்டு வந்தால், அந்தப் பாடத்தை உங்கள் கையிலும் காலிலும் அது படிக்க வேண்டியிருக்கும். தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். உண்மையாக நாய் வளர்க்கிறவராக இருந்தால், விலையைச் சொல்வதற்கு முன் அவரே உங்களைக் கேள்வி கேட்பார்: "ஓட இடம் இருக்கா? பகல்லே வீட்டிலே யார் இருப்பாங்க?"

யார் வளர்ப்பது?

நமது குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நாய் வேண்டுமென்று கேட்பது குழந்தை; கொண்டுவந்து விடுவது அப்பா; வளர்ப்பது அம்மா! ஆகவே கணக்கை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. சும்மா தெருக்கோடி வரை போய்த் திரும்புவதல்ல. இவருக்கு ஓட்டமே வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு 4,380 காலைகள். அடைமழையிலும் உண்டு, பொங்கலன்றும் உண்டு, உங்களுக்கு ஜுரம் அடிக்கிற அன்றும் உண்டு. சித்திரை வெயிலில் சூரியன் ஏறுமுன் போய் வந்துவிட வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டுத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

அடுத்தது சாப்பாடு. "மிஞ்சினதைப் போட்டால் போகிறது" என்று பாட்டி சொல்வார். அந்தக் காலத்தில் போட்டது மோர் சாதம், கேழ்வரகுக் களி. இந்தக் காலத்து மிச்சத்தில் வெங்காய சாம்பார் இருக்கிறது. வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். குழந்தை ஆசையாக ஊட்டுகிற சாக்லேட்டும், பாயசத்திலுள்ள திராட்சையும் அதற்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். ஆகவே அதற்கென்று தனியாகச் சமையல். மளிகைக் கணக்கில் தனியாக ஒரு பத்தி.

மூன்றாவது ஊசி. இதில் மட்டும் நாள் தள்ளவே கூடாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி, டாக்டர் சொல்கிற நாளில் இன்னொன்று, பிறகு வருஷந்தோறும். இந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். தடுப்பதோ வெகு சுலபம். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டாலும், உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடவும் வேண்டாம். சென்னை போன்ற நகரங்களில் மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும்.

பெட்டை நாயானால் வருஷத்தில் இரண்டு தடவை பருவத்துக்கு வரும். கருத்தடை செய்யாமல் விட்டால் அறுபத்து மூன்று நாளில் வீடு நிறையக் குட்டிகள். "அழகாயிருக்கிறதே!" என்று சொல்ல ஊரே வரும், எடுத்துக்கொண்டு போக ஆளிருக்காது.

சங்கிலிக்கும் சட்டம் உண்டு

சிலர், "எங்களுக்குக் காவலுக்குத்தான் வேண்டும், வாசலில் கட்டிப் போட்டுவிடுவோம்" என்பார்கள். ருக்மணி தேவி அருண்டேலை உங்களுக்கு நாட்டியத்தின் மூலம் தெரியும். கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த அந்த அம்மாள் ராஜ்ய சபையில் உறுப்பினராக இருந்தபோது, வாயில்லா ஜீவன்களுக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிற நாயை வெளியே நடத்திப் பழக்காமலிருப்பது குற்றம் என்று அதில் நாயின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் குற்றம். வளர்த்த பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம்.

கைவிடுவது என்று யாரும் முன்கூட்டியே நினைத்துக்கொண்டு வாங்குவதில்லைதான். ஆனால் வீட்டுக்காரருக்கு மாற்றல் வருகிறது. வீட்டுச் சொந்தக்காரர் முகம் சுளிக்கிறார். பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது. நன்றாக யோசியுங்கள். பத்து வயதில் நாய் கேட்ட பெண்ணுக்கு, அந்த நாய் கிழடாகிறபோது இருபத்திரண்டு வயது. காலேஜ் முடிந்து வேலைக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போயிருப்பாள். கண் மங்கி, இடுப்பு விழுந்து, மாடிப்படி ஏறமுடியாத ஒரு பெரிய வெள்ளை நாய் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். அப்போது அதன் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தி வைக்கப் போவது யார்? அந்தக் கைக்குச் சம்மதம் என்றால் வீட்டுக்கே சம்மதம். குட்டியைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். நீங்கள் கொடுப்பதற்கு மேலாகவே அது திருப்பிக் கொடுக்கும்.

சின்ன வீடு, ஆனால் ஆசை மட்டும் விடவில்லையா? உங்கள் தெருவிலேயே நாலைந்து குட்டிகள் இருக்கும். நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு. ஒன்றை எடுத்து ஊசி போட்டு வளர்த்தால், ஒரு ஜீவனுக்கு வீடும் கிடைக்கும்; தெருவில் ஒரு நாய் குறைந்ததாகவும் இருக்கும். அதற்கும் காலைகள் 4,380 தான். ஓட்டம் மட்டும் கொஞ்சம் குறைவு.

இரண்டுக்கும் மனம் துணியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இப்போது வேண்டாம்" என்று குழந்தையிடம் சொல்வதும் நாய்க்குச் செய்கிற ஒரு நன்மைதான். ராஜபாளையத்திலிருந்து ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். குழந்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். மாம்பழம் தீர்வதற்குள் கோபமும் தீர்ந்துவிடும்.